இருபத்து மூன்று ஜாம் பாட்டில்கள்

யார் வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாக அங்கிருக்கும் பூச்சாடியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கிற ஒருத்தியைக் கட்டிக்கொண்டு முப்பது வருஷம் குப்பை கொட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பல்செட்காரர் கொட்டினார். அதுவும் முகம் சுளிக்காமல் கொட்டினார். மகளின் மாமியார் வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது அவர் மனைவி ஹாலில் இருந்த சாடியைக் கவிழ்த்தாள். உள்ளே தண்ணீர் இருந்ததை அவள் கவனிக்கவில்லை. சம்பந்தியின் மடி நனைந்துபோனது. "அடியில ஒண்ணுமே இல்லை" என்று ஏமாற்றத்தோடு சொல்லிவிட்டு அவள் சாடியை இருந்த இடத்தில் வைத்தாளே தவிர, மடிப் பக்கம் திரும்பவே இல்லை. துண்டைத் தேடிக்கொண்டு ஓடியது பல்செட்காரர்தான்.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் தெருவில் எல்லோருக்கும் அவர் பல்செட்காரர். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் அதைப் பார்த்துப் பீங்கானில் பல் செய்து அனுப்புவார். அறுபது வயசுக்காரர் வாயில் இருபது வயசுப் பல்லை வைத்து அனுப்புகிற ஆட்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. ஓரத்தில் கொஞ்சம் தேய்மானம், ஒரு பல்லில் மட்டும் லேசான டீக்கறை, முன்பல்லில் மயிரிழை போல ஒரு கோடு, இதெல்லாம் போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். எது சொந்தப் பல், எது செய்த பல் என்று கட்டின பெண்டாட்டிக்கே தெரியக் கூடாது என்பார்.

அவர் கட்டின பெண்டாட்டிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. மிச்ச நேரமெல்லாம் சாடி. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சுவீடன், பின்லாந்து, டென்மார்க் பக்கத்தில் ஊதிச் செய்த கண்ணாடிச் சாடிகளைப் பதினெட்டு வருஷமாகத் தேடித் தேடிச் சேர்க்கிறாள். உள்ளே ஒரு நிறம், வெளியே தண்ணீர் போலத் தெளிந்த தடித்த கண்ணாடி. பூவேலை கிடையாது, தங்கப்பூச்சு கிடையாது. "ஒண்ணுமே பண்ணாம விட்டிருக்கான் பாருங்க, அந்தத் தைரியம் யாருக்கு வரும்?" என்பாள். ஜன்னலோர அலமாரியில் முப்பத்து நான்கு இருந்தன. குண்டன், கோணவாயன், சின்னத் தொப்பை என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டுப் பெயர் உண்டு. மகள் போனில் பேசும்போது தன்னைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் குண்டனைப் பற்றிப் பேச்சு வருகிறது என்று ஒருமுறை கோபித்துக்கொண்டாள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

சாடிகளைக் கழுவும்போது தொட அனுமதி உள்ள ஒரே ஆள் பல்செட்காரர். வேலைக்காரம்மாவுக்கும் கிடையாது, மகளுக்கும் கிடையாது. "உங்க கை நடுங்காதுங்க" என்று அவள் ஒருநாள் சும்மா சொல்லிவிட்டுப் போனாள். அவர் அதைப் பட்டம் வாங்கினது போல மனசுக்குள் மாட்டி வைத்துக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட அவள் அவரை இப்படிப் புகழ்ந்ததில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அவள் அவருடைய பட்டறைக்குள் மூச்சு வாங்க நுழைந்தாள். ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டில் எதையோ சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். பிரித்து மேஜையில் வைத்தாள். ஒரு சாண் உயரச் சாடி. சாம்பல் கலந்த நீலம், அதற்குள் நீளமாக ஒரே ஒரு காற்றுக்குமிழி.

"கிடைச்சிடுச்சுங்க. பழைய சாமான் கடையில, குடை ஸ்டாண்டுக்குப் பின்னாடி கிடந்தது. பதினெட்டு வருஷம்! இவனுக்காகத்தான் நான் எல்லாக் கடையிலயும் தூசி தின்னேன்."

"உட்காரும்மா. தண்ணி குடி."

"நேரமில்லை, ஷிப்டு இருக்கு. இங்கயே இருக்கட்டும். பத்திரங்க. துடைக்கக்கூட வேணாம்."

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். துடைக்கக்கூட வேண்டாம் என்று அவள் தமிழில், தெளிவாக, முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். அதற்கு மேல் ஒரு மனுஷி என்ன சொல்ல முடியும்?

பல்செட்காரர் சாடியைக் கையில் எடுத்தார். அழகாகத்தான் இருந்தது. பழக்க தோஷத்தில் கவிழ்த்தார். இந்த ரகச் சாடிகளைச் செய்தவர்கள் அடியில், நட்டநடுவில், வைர முனையால் தங்கள் பெயரைக் கீறி வைப்பார்கள் என்பது பதினெட்டு வருஷச் சகவாசத்தில் அவருக்கும் தெரியும். வீட்டில் இருக்கும் முப்பத்து நான்கிலும் அப்படித்தான். இதில் நடுவில் ஒன்றுமே இல்லை. பாவம், பெயர் இல்லாததையே இவ்வளவு சந்தோஷமாக வாங்கி வந்திருக்கிறாளே என்று அவருக்கு மனசு இளகிவிட்டது. அடி விளிம்பைச் சுற்றி மட்டும் பழைய விலைச்சீட்டின் கோந்தும், அதற்கடியில் பொடிப்பொடியாகக் கீறல்களும் இருந்தன. ஐம்பது அறுபது வருஷம் அலமாரிகளில் இழுபட்ட கீறல்கள் என்று நினைத்தார். பீங்கான் பல்லுக்கு மெருகு போடும் ரப்பர் சக்கரம் பக்கத்திலேயே இருந்தது. வைரப் பசையும் இருந்தது. சாயங்காலம் அவள் வரும்போது பளபளவென்று கையில் கொடுத்தால் முகம் எப்படி மலரும் என்று நினைத்துப் பார்த்தார். அந்த நினைப்புதான் கெடுத்தது.

இருபது நிமிஷ வேலை. பாதி தெரிந்தவன் முழு மூச்சாக இறங்கினால் என்ன ஆகுமோ அது ஆனது. சக்கரத்தை நிறுத்தி, ஈரத்தைத் துடைத்து, விளிம்பை வெளிச்சத்தில் பிடித்து அவர் தனக்குத் தானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டபோது போனில் படம் வந்து விழுந்தது. கடையிலேயே பூதக்கண்ணாடி வைத்து அவள் எடுத்த படம். கீழே குரல் பதிவு.

"அனுப்ப மறந்துட்டேங்க. நடுவுல தேடாதீங்க, விளிம்புல பாருங்க! கோந்துக்கு அடியில, ஓரத்தைச் சுத்தி எழுதியிருக்கான் அந்தப் பின்லாந்துக்காரன். கடைசி ரெண்டு வருஷம் மட்டும்தான் அவன் இப்படி எழுதினான். அறுபத்தொண்ணு! நான் இங்க டெஸ்ட் ட்யூப்பை வச்சுக்கிட்டு ஆடிக்கிட்டிருக்கேன்."

பல்செட்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சாடியைக் கவிழ்த்தார், நிமிர்த்தினார், மறுபடி கவிழ்த்தார். விளிம்பு சுத்தமாக இருந்தது. அவர் வேலை எப்போதுமே சுத்தம்.

அந்த நிமிஷமே போனைப் போட்டு, "தப்புப் பண்ணிட்டேன்மா" என்று சொல்லியிருந்தால் விஷயம் அத்தோடு போயிருக்கும். எண்ணைத் தட்டக்கூடச் செய்தார். மணி அடிப்பதற்குள் கட் பண்ணிவிட்டார். டெஸ்ட் ட்யூப்போடு ஆடிக்கொண்டிருப்பவளிடம் எப்படிச் சொல்வது? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இனி அலமாரிப் பக்கம் போனாலே அவள் கண் தன் கையைப் பின்தொடரும். வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டாள், நல்லவள். கழுவுகிற நாளில் தானே தனியாகக் கழுவிக்கொள்வாள், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை அவரால் தாங்க முடியாது.

சாயங்காலம் அவள் வந்தபோது, "அடியில கோந்து நிறைய இருக்கு. மருந்துல ஊற வச்சிருக்கேன். சனிக்கிழமை வரைக்கும் இருக்கட்டும்" என்றார்.

"எழுத்துக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது."

"உங்களுக்குத் தெரியாததா" என்று அவள் போய்விட்டாள். இரண்டு அறை விட்டிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக் கதவு சாத்திக்கொண்டது. எதிர் பேக்கரியிலிருந்து காலி ஜாம் பாட்டில்களை வாங்கி வந்தார். படத்தைப் பெரிதாக அச்செடுத்து விளக்கடியில் ஒட்டினார். பல்லில் நுணுக்க வேலைக்கு வைத்திருக்கும் வைரப்பொடி முனையை மாட்டிக்கொண்டு பாட்டில் அடியில் எழுதிப் பார்த்தார். சேர்ந்தாற்போல ஏழு எழுத்து, கடைசி எழுத்தின் வால் மட்டும் எங்கோ அவசரமாகக் கிளம்பினவன் போல இழுபட்டு நிற்கும், அப்புறம் இரண்டு இலக்கம். முதல் பாட்டிலில் அது மண்புழு ஊர்ந்த தடமாக வந்தது. ஐந்தாவதில் எழுத்து வந்தது, வேகம் வரவில்லை. பத்தாவதில்தான் விஷயம் பிடிபட்டது. அந்த ஆள் ஆரம்பத்தில் அழுத்தி, போகப் போகக் கையை லேசாக்கியிருக்கிறார். முகம் தெரியாத அந்தப் பின்லாந்துக்காரர்மேல் பல்செட்காரருக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது. உங்க பேரைத்தான் ஐயா அழிச்சுட்டேன், நீங்களே வந்து கையைப் பிடிச்சு எழுத வைங்க என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். இருபத்து மூன்றாவது பாட்டில் சரியாக வந்தது. சனிக்கிழமை மத்தியானம் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாடியில் எழுதினார். எழுத்தின்மேல் வயசு தெரிய வேண்டாமா? நைஸ் மணல்தூள் தூவிய தரை ஓட்டின்மேல் சாடியை வைத்து இப்படியும் அப்படியும் இழுத்து, அறுபது வருஷத் தேய்மானத்தைப் பத்து நிமிஷத்தில் ஏற்றினார். அதில் அவர் கில்லாடி ஆயிற்றே.

அவள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவர் வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "கோந்து மொத்தமும் போயிடுச்சு. எழுத்துல ஒரு கோடு குறையலை. உங்களைத் தவிர யாரால முடியும்?"

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் கூட்டம். மாசத்தின் முதல் ஞாயிறு மத்தியானம் இந்தச் சாடிப் பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவார்கள். அவரவர் சாடியை மேஜையில் வைத்து, முன்னால் ஒரு அட்டையையும் வைக்க வேண்டும். உயரம், நிறம், செய்தவர், கையெழுத்து, எங்கே கிடைத்தது, ஏதாவது பழுது உண்டா என்று எல்லாம் அட்டையில் இருக்க வேண்டும். அட்டையில் பொய் எழுதினவர் அப்புறம் அந்தப் படியேற வேண்டாம். கணவன் மனைவி சண்டையைக்கூட அங்கே மன்னித்துவிடுவார்கள், அட்டையை மன்னிக்க மாட்டார்கள். பல்செட்காரரின் மனைவி ஒருமுறை தன்னிடமே இருந்த ஒரு சாடி போலி என்று கண்டுபிடித்து, தானே எழுந்து நின்று சொல்லி, தானே அட்டையைக் கிழித்தவள். அதனால் அவள் அட்டையை யாரும் இரண்டாம் தடவை படிப்பதில்லை.

கூட்டத்தில் பெரிய தலை ஒரு ரிட்டயர்டு சர்வேயர். கழுத்தில் லென்ஸைத் தாலி மாதிரி தொங்கவிட்டிருப்பார். புதுச் சாடியைக் கவிழ்த்து, லென்ஸை வைத்து, ரொம்ப நேரம் பார்த்தார். பல்செட்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"நூத்துக்கு நூறு" என்றார் சர்வேயர். "அந்த வாலைப் பாருங்க. வேற எவனுக்கும் வராது."

வெட்கக்கேடுதான், ஆனால் சொல்லியாக வேண்டும். அந்த ஒரு கணம் பல்செட்காரருக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த கணம் அந்தப் பெருமை போன இடம் தெரியவில்லை. ஏனென்றால் மருந்துக்கடை அக்கா எழுந்து வந்தாள்.

இந்த அக்காவிடம் புகை நிறத்தில் ஒரு நெட்டைச் சாடி இருந்தது. பல்செட்காரரின் மனைவி அதைப் பார்த்துப் பெருமூச்சு விடாத ஞாயிறு கிடையாது. அக்கா அதைத் தூக்கி வந்து இவள் முன்னால் வைத்தாள்.

"என்கிட்ட அந்தப் பின்லாந்துக்காரன் சாடி ஆறு இருக்கு. விளிம்புல எழுதினது ஒண்ணுகூட இல்லை. எனக்கும் வயசாயிடுச்சு. நீ இதைக் குடு, நெட்டையை எடுத்துக்க. மாத்திக்கலாம்."

அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. இரண்டு சாடிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, எப்போதும் செய்வது போல, அவர் பக்கம் திரும்பினாள். "என்னங்க, குடுத்துடட்டுமா?"

தன்னோடு போயிருந்தால் அது தன் பாவம். இப்போது அவள் கையாலேயே, அவள் அட்டையோடு, அந்தப் பொய் அக்கா வீட்டுக்குப் போகப் போகிறது. பல்செட்காரர் எழுந்தார். முழங்கால் மேஜையில் இடித்தது.

"குடுக்காதம்மா. அந்தக் கையெழுத்து நான் போட்டது."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் எப்போதாவது ஜோக்கடிப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். அவர் நின்ற நிலையைப் பார்த்துச் சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. சக்கரம், படம், பாட்டில் எல்லாவற்றையும் சொன்னார். சர்வேயருக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன சார் பேசறீங்க? நாப்பது வருஷமா லென்ஸ் பிடிக்கிற கை இது. இது ஒரிஜினல்! உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"சார், நான்தான் சார் போட்டேன்."

"முடியவே முடியாது!"

குற்றவாளி ஒப்புக்கொள்கிறான், நீதிபதி ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். இந்தக் கூத்தை நிறுத்தியது அவர் மனைவிதான். கைப்பையைத் திறந்து, பரிசோதனைக் கண்ணாடித் தகடுகளில் நோயாளி எண் எழுதும் வைர முனைப் பேனாவை எடுத்தாள். மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் காலி பண்ணிக் கவிழ்த்து அவர் முன்னால் நகர்த்தினாள்.

"எழுதிக் காட்டுங்க."

எழுதினார். ஒரே மூச்சில், படத்தைப் பார்க்காமல், வாலோடு. சர்வேயர் டம்ளரைப் பார்த்தார், சாடியைப் பார்த்தார், லென்ஸைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க அக்கா" என்று அவள் மருந்துக்கடை அக்காவிடம் சொல்லி, தன் அட்டையை எடுத்து மடித்து, சாடியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். அவர் கை நீட்டினார். அவள் பையைத் தரவில்லை.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பை அவள் மடியில் இருந்தது. வீட்டு ஸ்டாப்புக்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே, பட்டறை இருக்கும் தெருவில், இறங்கிவிட்டாள். அவரும் பின்னாலேயே இறங்கினார்.

"எங்க வச்சுப் பண்ணீங்கன்னு காட்டுங்க."

திறந்து விட்டார். மேஜைக்கடியில் அட்டைப்பெட்டி நிறையப் பாட்டில்கள். அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள், கவிழ்த்தாள், பூதக்கண்ணாடியால் பார்த்தாள், வரிசையாக வைத்தாள். மண்புழுவிலிருந்து ஆரம்பித்துக் கடைசி வரை. ஒரு பாட்டிலையும் விடவில்லை.

"இருபத்தி மூணு" என்றாள். "சாப்பாட்டு நேரத்துலயா?"

"ம்."

"சாப்பாட்டு டப்பா காலியாத்தானே வந்துச்சு?"

"பேக்கரிப் பூனைக்குப் போட்டேன்."

"மூணு நாளாவா? நான் அஞ்சு மணிக்கு எழுந்து கட்டிக் குடுத்தது பூனைக்கா?" அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "அன்னைக்கே சொல்லியிருந்தா ஒருநாள் அழுதிருப்பேன். அவ்வளவுதானே? ஒருநாள் என்னை அழ விட்டிருக்கக் கூடாதா?"

"என் கையாலயே போச்சுன்னு தெரிஞ்சா, அப்புறம் எதையும் என்னைத் தொட விடமாட்டியோன்னு பயந்துட்டேன்மா. வேற ஒண்ணும் இல்லை. அதுதான் பயம்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வருஷம் கூட இருக்கிற ஆள், துணி சுற்றாமல் பையில் போட்ட சாடி மாதிரி, எப்போது உடைவாரோ என்று நின்றுகொண்டிருந்தார்.

"இதை அழிங்க" என்றாள்.

"எதை?"

"நீங்க போட்டதை. வேற ஒருத்தர் பேர்ல பொய் இருக்கக் கூடாது."

அவர் சக்கரத்தை மாட்டினார். பசையை எடுத்தார். சாடியை வாங்கக் கையை நீட்டினார், நீட்டின கை நடுங்கியது. ஆயிரக்கணக்கான பல் செய்த கை. இழுத்துக்கொண்டார்.

"என்னால முடியாது. கீழ போட்டுடுவேன்."

"நீங்க சக்கரத்தைப் பாருங்க. நான் பிடிச்சுக்கறேன்."

அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். சாடியைக் கவிழ்த்து இரண்டு கையாலும் பிடித்தாள். சக்கரம் சுற்றியது. தண்ணீர் அவள் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு வழிந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக, முதல் எழுத்திலிருந்து வால் வரை அழித்தார். அவள் அசையவே இல்லை. முடிந்ததும் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"அழகாத்தான் இருக்கு" என்றாள். பிறகு சாடியை அவர் கையில் கொடுத்தாள். "துடைங்க."

அவர் துடைத்து முடிக்கும்வரை அவள் மேஜையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு, பழைய அட்டையை அடித்துவிட்டுப் புது அட்டை எழுதினாள். அடுத்த கூட்டத்துக்கு வைக்க வேண்டுமே. மை காயட்டும் என்று ஊதி, அவரிடம் நீட்டினாள். உயரம், நிறம், செய்தவர், கிடைத்த கடை எல்லாம் இருந்தன. கையெழுத்து என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தாள்:

"இருந்தது. இரண்டு முறை அழிக்கப்பட்டது. இரண்டு முறையும் அழித்தவர் என் வீட்டுக்காரர். இரண்டாம் முறை பிடித்துக்கொண்டவள் நான்."